கம்பெனி காலத்து ஸ்கெட்ச் பிரிண்ட் பாக்ஸ்: ஓரத்த வெட்டாம குடுத்தா தாராளமா வாங்கலாம்

இந்த பாக்ஸ வாங்கி மூணு மாசம் ஆச்சு. மொத்தம் 20 பிரிண்ட், எல்லாமே ஏ4 சைஸ், வெலை 3,800 ரூபா, கூரியருக்கு 150 தனி. பிரிட்டிஷ்காரங்க இங்க இருந்தப்போ, ஓவியத்த தொழிலா வச்சுக்காத ஆளுங்க, அதாவது பட்டாளத்து ஆபீசரு, கலெக்டரு, சர்வேயரு, அவங்க வீட்டுப் பொம்பளைங்க, இவங்கல்லாம் வேலை முடிஞ்ச நேரத்துல வரைஞ்ச பென்சில் ஸ்கெட்ச்சும் வாட்டர்கலரும்தான் உள்ள இருக்கு. ஆன்லைன்ல ஆர்ட் பிரிண்ட் விக்கிற ஒரு சின்ன கடைல வாங்கினேன். கடை பேரு போடல, மொதல்ல செஞ்ச தப்ப அவங்களே சரி பண்ணித் தந்துட்டாங்க. ஆனா அந்தத் தப்பு என்னன்னு சொல்லியாகணும், ஏன்னா இந்த மாதிரி பிரிண்ட் விக்கிற எல்லாருமே அதத்தான் செய்றாங்க.

நான் ஸ்கூல்ல ட்ராயிங் டீச்சர். பழைய இந்தியாவ வரைஞ்ச படம்னாலே எல்லாரும் டேனியல் படத்ததான் காட்டுவாங்க. இங்கிலாந்து ஓவியருங்க தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1786-ல கல்கத்தா வந்து எறங்கினாங்க, ஊர் ஊரா சுத்தி கோயிலு, கோட்டை, அருவின்னு வரைஞ்சுட்டுப் போயி லண்டன்ல 144 பிரிண்டா போட்டு வித்தாங்க. அது அவங்க பொழப்பு, வாங்குறவனுக்கு எது புடிக்கும்னு பாத்துதான் வரையணும், அதனால ஆகாசமும் கோபுரமும் பெருசா இருக்கும், மனுசங்க சைஸ் தெரியறதுக்காக நிறுத்தி வச்ச மாதிரி ஓரமா குட்டியா நிப்பாங்க. இந்த பாக்ஸ்ல இருக்கறவங்களுக்கு அந்தக் கவலையே இல்ல. யாருக்கும் விக்கப் போறதில்ல, ஊருல இருக்கற அக்காவுக்கு லெட்டரோட அனுப்பணும், இல்லன்னா சொந்த ஆல்பத்துல ஒட்டி வைக்கணும், அவ்ளோதான். அதனால கண்ணு முன்னாடி என்ன இருந்துச்சோ அத வரைஞ்சிருக்காங்க. தண்ணி தூக்குறவரு, வராண்டால உக்காந்து தைக்கிற டெய்லரு, பங்காவோட, அதாவது கூரைல தொங்கற துணி விசிறியோட கயித்தப் புடிச்சுக்கிட்டே தூங்கிப் போன பையன், கொழந்தைய இடுப்புல வச்சிருக்கற ஆயா, பல்லக்க கீழ வச்சுட்டு மரத்தடில வெத்தல போடறவங்க. கோபுரமே இல்லாத படம்தான் இதுல முக்காவாசி, எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சது.

இத்தன பேருக்கு எப்படி வரைய வந்துச்சுன்னு கேக்கலாம். அப்ப கேமரா கெடையாது, ஒரு ஆபீசருக்கு எதிரி கோட்டையோ ஆத்துக் கரையோ மலப்பாதையோ எப்படி இருக்குன்னு தலைமைக்கு சொல்லணும்னா வரைஞ்சுதான் காட்டணும். அதனால ராணுவப் பள்ளிக்கூடத்துலயே ட்ராயிங் ஒரு பாடம். இங்கிலாந்துல வூல்விச் ராணுவ அகாடமில 1768-லருந்து ட்ராயிங் மாஸ்டரா இருந்தவரு பால் சாண்ட்பி, அந்தக் காலத்து வாட்டர்கலர்ல பெரிய கை. கிழக்கிந்தியக் கம்பெனி தன்னோட ஆளுங்களுக்குன்னே 1809-ல அடிஸ்கோம்ப்ல ஒரு ராணுவப் பள்ளிய ஆரம்பிச்சுச்சு, அங்கயும் ட்ராயிங் கட்டாயம். பொம்பளைங்களுக்கு வீட்டுலயே மாஸ்டர் வச்சு சொல்லிக் குடுப்பாங்க, நம்ம ஊருல பாட்டு க்ளாஸ் மாதிரி. கலரும் கைக்கு அடக்கமா வந்துருச்சு, ரீவ்ஸ்னு லண்டன் கடைக்காரங்க தண்ணி தொட்டா கரையிற கட்டியா வாட்டர்கலர் செஞ்சு 1781-ல அதுக்குப் பரிசே வாங்கினாங்க, அதுக்கு முன்னாடி கல்லுல அரைச்சு கோந்து கலந்து கஷ்டப்படணும். ஒரு சின்ன டப்பாவும் பேப்பரும் இருந்தா டெண்ட்ல உக்காந்தே வரையலாம்னு ஆனதாலதான் இவ்ளோ படம் நமக்கு மிஞ்சியிருக்கு.

அந்தப் படிப்பு பிரிண்ட்லயே தெரியுது. ஆபீசருங்க வரைஞ்சதுல மலைக்கோடு, ரோடு வளையிற எடம், கெணத்துக்கும் மரத்துக்கும் நடுவுல உள்ள தூரம் எல்லாம் அவ்ளோ சரியா இருக்கும், ஆனா மனுசங்க வெறப்பா மரக்கட்டை மாதிரி நிப்பாங்க. பொம்பளைங்க வரைஞ்சதுல அது அப்படியே திரும்பிக்கும், பின்னாடி இருக்கற செவரு கோணலா இருக்கும், ஆனா முன்னாடி உக்காந்திருக்கறவரோட தோளு, மடிச்ச காலு, பாத்திரத்தப் புடிச்சிருக்கற வெரலு எல்லாம் உயிரோட இருக்கும். தினம் தினம் ஒரே வராண்டால ஒரே ஆளுங்களப் பாத்துட்டே இருந்ததாலன்னு நெனைக்கிறேன்.

இப்ப தப்புக்கு வர்றேன். மொதல் பாக்ஸ் வந்தப்போ படமெல்லாம் சூப்பரா தெரிஞ்சுச்சு. பெரியப்பா வந்திருந்தாரு, அவருக்கு 81 வயசு, போளூர் பக்கத்து கிராமம், கரன்ட் மோட்டாரு வர்ற வரைக்கும் ஏத்தத்துல கெணத்துத் தண்ணி எறைச்சவரு. அதுல ஒரு ஏத்தம் படம் இருக்கு, வரைஞ்சவரு பேரு தெரியல, மெட்ராஸ் ஆர்மி ஆபீசர்னு மட்டும் கடைக்காரங்க போட்டிருந்தாங்க. ஏத்தத்த வெள்ளைக்காரங்க பிக்கோட்டான்னு சொல்வாங்க. கெணத்தோரமா நட்ட மரம், அதுக்கு மேல துலான்னு ஒரு நீள மரம், கெணத்துப் பக்க நுனில கழி, கழில தண்ணி மொள்ளற சாலு, துலா மேல ஒருத்தர் மூங்கிலப் புடிச்சுக்கிட்டு நடக்கறாரு, கீழ ஒருத்தர் சாலப் புடிக்க குனிஞ்சு நிக்கறாரு. துலால கால் வைக்கறதுக்கு வெட்டுன பள்ளம் கூட ஒண்ணொண்ணா போட்டிருக்காரு. பெரியப்பா கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் சொன்னாரு, ஏம்மா, இந்த ஆளு கெணத்துப் பக்கம் வந்து நிக்கறான், அப்ப துலா தாழ்ந்து சாலு தண்ணிக்குள்ள போயிருக்கணும்ல, இங்க சாலு மேல வந்து ரொம்பி வழியுதே, இவன் பின்னுக்குப் போனாத்தானே சாலு மேல வரும், அப்படின்னு. நான் இந்தப் படத்த நூறு வாட்டி பாத்திருப்பேன், எனக்கு அது தோணவே இல்ல. அவரு எந்திரிச்சு நின்னு ஹால்லயே நாலு அடி முன்ன நாலு அடி பின்ன நடந்து காட்டினாரு, இப்படி வந்தா எறங்கும், இப்படிப் போனா ஏறும், கீழ நிக்கறவன் பாட்டு சொல்லுவான், பாட்டு வச்சுதான் எத்தன சாலுன்னு கணக்கு.

சரி வரைஞ்சவருக்குத் தெரியல போலன்னு விட்டுருக்கலாம். ஆனா படத்தோட கீழ் ஓரத்துல ஒரு பென்சில் கோடு பாதில வெட்டுப்பட்ட மாதிரி இருந்துச்சு, அதுதான் மனச அரிச்சுச்சு. கடைக்கு மெயில் போட்டேன், ஒரிஜினல் ஸ்கேன்ல கீழ என்ன இருக்குன்னு கேட்டேன். ரெண்டு நாள் கழிச்சு முழு ஸ்கேன அனுப்பினாங்க. கீழ மூணு வெரல் அகலத்துக்கு வெத்து பேப்பர், அதுல பென்சில்ல தீப்பெட்டி சைஸ்ல இன்னொரு ஏத்தம், அதுல ஆளு பின்னுக்கு நிக்கறாரு, துலா நுனி வானத்தப் பாக்குது, சாலு மேல வருது. பக்கத்துல பொடி எழுத்துல, தண்ணி வரும்போது இந்த ஆளு இந்தப் பக்கம் ஓடிருவான்னு எழுதி வச்சிருக்காரு. அதாவது அவரு பாத்திருக்காரு, தப்பா வரைஞ்சிட்டோம்னு புரிஞ்சிருக்கு, மேல கலர் காஞ்சிட்டதால கீழ திருத்தி வச்சிருக்காரு. ஏ4 ஃப்ரேமுக்கு செட் ஆகணும்னு கடைக்காரங்க அதத்தான் வெட்டி எறிஞ்சிருக்காங்க.

இத வெறும் ஓரம்னு நெனைக்காதீங்க. விக்கறதுக்கு வரையாத ஆளு மனசுல பட்டத ஓரத்துலதான் எழுதுவான். தேதி, ஊர் பேரு, இந்தத் துணி செவப்பு கரைன்னு அப்பறமா கலர் அடிக்கறதுக்கான குறிப்பு, சில நேரம் அந்த ஆளோட பேரு, எல்லாம் அங்கதான் இருக்கும். கேட்டதும் எல்லாத்தையும் ஓரத்தோட திரும்ப பிரிண்ட் போட்டுக் குடுத்தாங்க, காசு வாங்கல, இப்ப புது பாக்ஸெல்லாம் அப்படித்தான் வருதாம். அதுக்காக அவங்களுக்கு நெஜமா நன்றி சொல்லணும்.

ரெண்டாவது பிரச்சின வெள்ளை. வாட்டர்கலர்ல வெள்ளைன்னா பெரும்பாலும் பேப்பரோட நெறம்தான், வேட்டி வேணும்னா அந்த எடத்துல கலரே வைக்காம விட்டுருவாங்க. நல்லா மூடற சைனீஸ் ஒயிட்னு ஒண்ண வின்சர் அண்ட் நியூட்டன் கொண்டு வந்ததே 1834-லதான். பழைய பேப்பர் லேசா வெண்ணெய் நெறத்துல இருக்கும், அப்ப வேட்டியும் அதே வெண்ணெய் நெறம், வெயில்ல உக்காந்த மனுசன் மாதிரி இருக்கும். கடைக்காரங்க ஸ்கேன பளிச்சுன்னு ஆக்கறேன்னு பேப்பர ப்ளீச் பண்ணின மாதிரி ஆக்கிட்டாங்க, வேட்டியெல்லாம் டியூப் லைட் வெளிச்சத்துல நீலம் போட்ட மாதிரி ஆயிருச்சு, பழைய பேப்பர்ல இருக்கற பழுப்புப் புள்ளியும் போச்சு. ரெண்டாவது பிரிண்ட்லயும் இது பாதிதான் சரியாச்சு. பேப்பர் மட்டும் நல்ல மேட் காட்டன் பேப்பர், 300 ஜிஎஸ்எம், தொட்டாலே தெரியுது, இங்க்கும் தண்ணி பட்டு ஊறல, ஓரத்துல ஒரு சொட்டு வச்சுப் பாத்துட்டேன்.

மூணாவதுதான் எனக்கு வருத்தம். 20-ல ரெண்டு படத்துக்கு கீழ பிரிட்டிஷ் ஆபீசர் வரைஞ்சதுன்னு கார்டு இருக்கு, பாத்த ஒடனே தெரியுது அது தஞ்சாவூர்க்காரங்க கை. புருசனும் பொண்டாட்டியும் ஜோடியா நேரா நிப்பாங்க, கைல தொழில் சாமான், குயவரு, அவரு சம்சாரம், இன்னொண்ணுல நெசவுக்காரரு, பின்னாடி ஒண்ணுமே இருக்காது, காலடில மட்டும் குட்டியா நெழல். நம்ம ஊரு ஓவியருங்க வெள்ளைக்காரங்களுக்கு விக்கறதுக்குன்னே சீமைப் பேப்பர்ல செட்டு செட்டா போட்டுக் குடுத்தது இது, திருச்சில காக்காப்பொன் தகட்டுல போட்டது கூட உண்டு. அந்த ஓவியர்ல முக்காவாசிப் பேரோட பேரு நமக்கு மிஞ்சல. வேலூர் எல்லப்பா மாதிரி ஒருத்தரு, தான் உக்காந்து வரையிறதயே வரைஞ்சு வச்சிட்டுப் போனதால தப்பிச்சாரு, அந்தப் படம் இப்ப லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. பேரே மிஞ்சாத ஓவியரோட படத்துக்கு இன்னொருத்தர் பேர வேற ஒட்டக்கூடாது. இதையும் மெயில் போட்டேன், கார்ட மாத்தறோம்னு சொல்லியிருக்காங்க, இன்னும் மாத்தின கார்டு என் கைக்கு வரல.

பேரு தெரிஞ்சவங்கள்ல சார்லஸ் டாய்லி படம் நாலு இருக்கு. இவரு 1781-ல வங்காளத்துலயே பொறந்தவரு, பாட்னால கம்பெனியோட அபினி ஏஜென்டா இருந்தாரு, டாக்கால இருந்தப்ப ஜார்ஜ் சின்னரிங்கற பெரிய ஓவியரப் பக்கத்துல வச்சு கத்துக்கிட்டாரு. 1824-ல பாட்னால வரையிறவங்களுக்குன்னு ஒரு கழகமே ஆரம்பிச்சு, கல் அச்சு மெஷின் வச்சு பிரிண்ட் போட்டாரு, ஜெய்ராம் தாஸ்னு உள்ளூர் ஓவியரும் அந்த அச்சுல வேலை செஞ்சாரு. டாய்லியோட தெருப் படமெல்லாம் கைதேர்ந்த ஆளு போட்டதுதான்னு சத்தியம் பண்ணலாம், கூரைல காயப் போட்ட துணி வரைக்கும் காத்துல ஆடுது. ஆனா அபினி ஏஜென்டோட ஓய்வு நேரம் எங்கருந்து வந்துச்சுங்கறத மறந்துட்டு எனக்கு அந்தப் படத்தப் பாக்க முடியல, அபினிக்காக கசகசாச் செடி வெளைய வச்ச விவசாயிக்கு என்ன வெலை கெடச்சுச்சுன்னு இந்த நாலு படத்துல இல்ல. பொதுவாவே இந்த பாக்ஸ்ல பசி இல்ல. 1833-ல குண்டூர்ப் பக்கம் அவ்ளோ பெரிய பஞ்சம், அதே மெட்ராஸ் மாகாணம்தான், இதுல இருக்கற மெட்ராஸ் படம் எல்லாத்துலயும் பானை ரொம்பித்தான் இருக்கு. கிளாஸ்ல புள்ளைங்களுக்குக் காட்டும்போது இத மொதல்லயே சொல்லிருவேன், அப்பறம்தான் படத்த கைல குடுப்பேன்.

எமிலி ஈடன் வரைஞ்சது ரெண்டு. கவர்னர் ஜெனரல் ஆக்லாந்து பிரபுவோட தங்கச்சி, 1836-லருந்து 1842 வரைக்கும் இங்க இருந்தவங்க, மொகம் வரையறதுல கெட்டிக்காரி, சேவகரு படத்துல அந்த மனுசனோட அலுப்பு கூட வந்துருச்சு. கேனிங் சீமாட்டி, அதாவது கவர்னர் ஜெனரல் கேனிங் பிரபுவோட மனைவி, வரைஞ்ச படம் ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருக்காங்க, அது கொறைதான், ஏன்னா அவங்க 350 கிட்ட வாட்டர்கலர் வரைஞ்சிட்டு 1861-ல கல்கத்தாவுலயே காய்ச்சல்ல செத்துப் போனாங்க, 1858-ல நீலகிரில தங்கியிருக்காங்க, அந்தப் படங்கள்ல ரெண்டு வச்சிருந்தா நம்மாளுங்க சந்தோசப்பட்டிருப்பாங்க.

எனக்கு பாக்ஸ்லயே ரொம்பப் புடிச்சது மெட்ராஸ் கடற்கரைல எறங்கற படம், யாரோ ஒரு பொம்பள வரைஞ்சது, பேரு இல்ல. 1870-கள்ல துறைமுக வேலை தொடங்கற வரைக்கும் கப்பல் தூரமாதான் நிக்கும், அங்கருந்து மசுலா படகுல அலையத் தாண்டி வரணும். அந்தப் படகுல ஆணியே கெடையாது, பலகைய தென்னநார்க் கயித்தால தச்சிருப்பாங்க, ஆணி அடிச்சிருந்தா நம்ம அலைல ஒடஞ்சிரும், தச்சது வளைஞ்சு குடுக்கும். இந்தப் படத்துல அலை சுமார்தான், கடல் நெறம் கூட வரல. ஆனா பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா படகு மேல பென்சில்ல தையல் தையலா எக்ஸ் போட்டிருக்காங்க, ஒரு எடத்துல நாரு பிஞ்சு தொங்குது, அதையும் விடல. பயத்துல படகு ஓரத்த கெட்டியா புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறப்போ கண்ணுக்குப் பக்கத்துல அந்தத் தையல்தானே இருந்திருக்கும். பக்கத்துல கட்டுமரத்துல ஒருத்தர் முட்டி போட்டு துடுப்பு போடறாரு, அவரு முதுகு ஒரே கோடு, எடுத்த எடுப்புல போட்ட கோடு, பத்து வருசமா புள்ளைங்களுக்கு அதத்தான் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன்.

கூட வர்ற விளக்க அட்டை இங்கிலீஷ்ல மட்டும்தான் இருக்கு. பிக்கோட்டான்னு போட்டு விட்டுட்டா எங்க பெரியப்பா மாதிரி ஆளுக்கு அது என்னன்னே தெரியாது, ஏற்றம்னு ஒரு வார்த்த போட்டா போதும். தமிழ் அட்டை போட்டா அத எழுதித் தர்றதுக்கு நானே தயார்னு சொல்லியிருக்கேன்.

காசு குடுக்காம பாக்கணும்னா அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்தோட பிரிட்டிஷ் ஆர்ட் சென்டர் காப்பிரைட் முடிஞ்ச படத்தயெல்லாம் பெரிய சைஸ்லயே இலவசமா டவுன்லோட் பண்ண விடறாங்க, ஓரம் வெட்டாம இருக்கும். நல்ல டிஜிட்டல் பிரஸ்ல மேட் பேப்பர்ல ஏ4 போட்டா ஒரு பிரிண்ட் எனக்கு 120 ரூபாய்க்கு முடிஞ்சுது. அப்படிப் பாத்தா இந்த பாக்ஸ் ஒரு பிரிண்ட் 190 வருது, தேடற வேலையும் பேப்பரும் சேத்தா அந்த 70 ரூபா அதிகமில்லன்னுதான் தோணுது. என் கணக்குல அஞ்சுக்கு மூணரை, கார்டு திருத்தி வந்தா நாலு. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ரெண்டு விசயம் கேளுங்க, ஓரத்தோட வருமா, ஸ்கேன்ல வெளிச்சம் ஏத்தியிருக்கீங்களான்னு.

சுவத்துல மாட்டறதா இருந்தா வெயில் நேரா படற எடம் வேணாம், கடல் காத்து ஊருன்னா பின்னாடி அட்டை ஆசிட் இல்லாத அட்டையான்னு ஃப்ரேம்காரர்கிட்ட கேட்டுருங்க, இல்லன்னா ரெண்டே மழைக்காலத்துல மஞ்சப் புள்ளி வந்துரும். ஏத்தம் படத்த பெரியப்பா எடுத்துட்டுப் போயிட்டாரு. ஃப்ரேம் கடைல கீழ இருக்கற வெத்து எடத்த, சுத்தி வைக்கற மவுன்ட் அட்டைக்குள்ள மறைச்சிரலாம் சார், பாக்க அழகா இருக்கும்னு சொல்லியிருக்காங்க, இவரு வேணவே வேணாம்னு நின்னு, அந்தத் தீப்பெட்டி சைஸ் ஏத்தமும் எழுத்தும் முழுசா தெரியற மாதிரி பெரிய மவுன்ட்டா வெட்டி வாங்கியிருக்காரு, 650 ரூபா ஆச்சாம்.